அடைக்கலமும் பிடியரிசியும்

நுழையும்முன்

போராலும் பஞ்சத்தாலும் தம் மண்ணை இழந்து வேற்றிடம் தேடிச் செல்வோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். அவர்களை ஏற்கும் பொறுப்பு அரசுக்கு மட்டும் உரியதா? ஒரு சிற்றூரின் வழிபாட்டுச் சமூகம், தனக்குள்ள சிறு வருவாயைக் கொண்டு, அயலிலிருந்து வந்த ஒரு குடும்பத்திற்கு என்ன செய்ய இயலும்? கம்பம் பள்ளத்தாக்கையும் அங்குள்ள திருச்சபைகளின் வரலாற்றையும் ஈழத்து ஏதிலியரின் வாழ்வையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை அவ்வினாக்களை அணுகுகிறது.

ஒரு பிடி அரிசி

உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு வைப்பது, தென்மாவட்டக் கிறித்தவ இல்லங்களில் பெண்கள் கைக்கொண்ட பழைய வழக்கம். சேர்ந்த அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுசென்று கொடுப்பர். அது கைம்பெண் ஒருத்தியின் வீட்டு உலைக்குப் போகலாம். விற்ற பணம் ஓர் ஏழைச் சிறுவனின் பள்ளிச் செலவுக்கு ஆகலாம். பிடியரிசி என்று பெயர் பெற்ற இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. கையில் காசு இல்லாத வீட்டிலும் ஒரு பிடி அரிசியைக் குறைத்துக்கொள்ள முடியும். ஆகவே கொடுப்பவர், பெறுபவர் என்று ஊர் இரண்டாகப் பிரிவதில்லை. இன்று பெறுகிற வீடும் நாளை தன் பிடியைப் போடும்.

அறுப்பின் பண்டிகையும் இத்தகையதே. விளைச்சலின் முதற்பங்காகப் பூசணி, வாழைத்தார், நெல், கோழி எனக் கொண்டுவந்து கோயிலில் படைப்பர். வழிபாடு முடிந்ததும் அவை ஏலம் விடப்படும். ஒருவர் உயர்ந்த விலைக்கு எடுத்த பூசணிக்காயை அவரே திரும்பக் கொடுக்க, அது மறுபடியும் ஏலத்திற்கு வரும். பூசணியின் விலை சந்தையில் எவ்வளவு என்பதை அன்று யாரும் கேட்பதில்லை.

கத்தோலிக்கப் பங்குகளில் புனித வின்சென்ட் தே பவுல் சபை இயங்குகிறது. 1833இல் பாரிசு நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கிய அமைப்பு இது. உறுப்பினர் இருவர் இருவராக ஏழையரின் வீட்டிற்கே செல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை முறை. கூட்டத்தில் காணிக்கைப் பை கைமாறிச் செல்லும்போது, யார் எவ்வளவு இட்டார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கொடுத்தவர் பெயரைச் சுவரில் பொறிக்கும் வழக்கத்திற்கு இது நேர் எதிரானது.

வந்தவர் வாழும் பள்ளத்தாக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே நீண்டு கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களை முல்லைப் பெரியாற்று நீர் வாழ்விக்கிறது. 1895இல் அணை திறக்கப்பட்ட பின் இங்கு 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் வயலாக அறியப்பட்டது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வந்து தங்கிய நிலம் இது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைகூட வந்தேறியதுதான். 1832ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் அதனைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். இன்று அதனை அயற்பயிர் என்று யாரும் சொல்லமாட்டார்.

இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்கச் சமூகங்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றன. சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு வேறு வழியில் வந்தது. அவ்வழி யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1816ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கிவிட்டனர். வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் நிறுவிய கல்விக்கூடம் பெரும் புகழ் பெற்றது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சில் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றவரே. இந்த யாழ்ப்பாண அமைப்பிலிருந்து லீவை ஸ்பால்டிங் என்பவர் 1834 சனவரியில் கடல் கடந்து மதுரைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்து திரும்பினார். அதே ஆண்டு சூலையில் டாட், ஹாய்சிங்டன் என்னும் இருவர் மதுரையில் குடியேறினர். அவர்களுடன் யாழ்ப்பாணத்துத் தமிழர் சிலர் உதவியாளராக வந்தனர். அமெரிக்கர் தமிழில் தட்டுத்தடுமாறிய நாள்களில், மதுரை மக்களிடம் பேசியும் சிறுபள்ளிகளை அமைக்கத் துணைநின்றும் உழைத்தவர்கள் அவர்களே. மதுரையில் வேர்கொண்ட அப்பணி பின்னர்ப் பெரியகுளத்தில் தளம் அமைத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்கள்வரை பரவியது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அச்சபைகள் மதுரை இராமநாதபுரம் திருமண்டிலத்தில் அடங்கின.

ஆகவே இப்பள்ளத்தாக்கின் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் யாழ்ப்பாணத்தோடு ஒரு கடன் உறவு உண்டு. கடன் கொடுத்தவரின் வழித்தோன்றல்கள் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் உடுத்த துணியோடு அதே கடலைக் கடந்து வந்தனர்.

மண்டபம் கண்ட இரு பயணங்கள்

அதற்கு முன் மற்றொரு பயணத்தையும் நினைக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழையர் கூட்டங்கூட்டமாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் அவர்களை மேலும் துரத்தியது. முல்லைப் பெரியாற்றுத் திட்டத்தை இனியும் தள்ளிப்போட இயலாது என்று ஆங்கில அரசை உணரச் செய்ததும் அப்பஞ்சமே. இலங்கைக்குச் செல்லும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்துச் சோதித்த இடம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம். இலங்கையிலிருந்து தப்பி வந்த ஏதிலியரை முதலில் ஏற்றுப் பதிவுசெய்யும் இடமாகப் பின்னாளில் ஆனதும் அதே மண்டபம்தான்.

தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்களை 1964 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் எண்ணிக்கையாகப் பங்கிட்டனர். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தாயகம் திரும்பியோர் என்று அவர்களை அழைத்தோம். பார்த்தே இராத ஊருக்குத் 'திரும்பியவர்கள்' அவர்கள்.

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் வந்தவர்களின் கதை நாம் ஓரளவு அறிந்தது. தலைமன்னார்க் கரையிலிருந்து இரவில் புறப்படும் படகுகள், கடலிடை மணல் திட்டில் மக்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதுண்டு. குழந்தைகளோடு அத்திட்டில் நின்றவர்களை மீனவர்களோ கடலோரக் காவலரோ கண்டு கரைசேர்ப்பர். 1983 முதல் 2012 வரை இவ்வாறு தமிழகம் வந்தோர் 3,04,269 பேர் என்கிறது நடுவணரசின் கணக்கு. பலர் திரும்பிச் சென்றனர். பலர் மீண்டும் வந்தனர். 2022 மார்ச்சில், போரின்றிப் பொருளாதார நெருக்கடியாலேயே, மறுபடியும் படகுகள் வரலாயின.

1991க்குப் பின் தமிழகத்தில் பரிவு வற்றியது. முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தியைக் கொன்ற குற்றத்தின் நிழல், அதனோடு எத்தொடர்பும் இல்லாத முகாம் மக்கள்மீதும் விழுந்தது. உயர்கல்விக்கான வாய்ப்புகள் அடைபட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்வதும் சில ஆண்டுகள் தடைப்பட்டது. உதவி செய்வது எளிதாக இருந்த காலத்தைவிட, உதவி செய்தவரை ஐயக்கண்ணோடு ஊர் பார்த்த அக்காலமே மனிதரை அளக்கத் தக்க காலம்.

தெரிந்து தெளிவோம்

கதி என்றால் செல்லும் வழி, புகலிடம். அது இல்லாதவர் அகதி. ஏதிலர் என்பது அயலாரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதிலிருந்து ஏதிலி, ஏதிலியர் என்னும் வழக்குகள் இக்காலத்தில் நிலைபெற்றன. ஒன்று இல்லாமையைச் சொல்கிறது. மற்றொன்று அயன்மையைச் சொல்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை நீக்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது.

ஒரு குடும்பத்தின் தேவைகள்

முகாமில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அரசு மாத உதவித்தொகை தருகிறது; 2021இல் அது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், பிற பெரியவர்க்கு 1,000 ரூபாய், சிறுவர்க்கு 500 ரூபாய் என உயர்த்தப்பட்டது. அரிசியும் கிடைக்கிறது. தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் செல்கிறார். முகாம் ஆண்களில் மிகப் பலருக்கு அதுவே தொழில். கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தார் முகாமில் இருந்தாக வேண்டும் என்பதால், தொலைவில் வேலை கிடைத்தாலும் மனம்போல் தங்க இயலாது. பத்தடிக்குப் பத்தடி அறையில் தொடங்கிய குடித்தனத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர்.

இவர்களுக்கு வெளியிலிருந்து என்ன வேண்டும்? பெரும்பாலோர் உடனே எடுத்துவருவது பழந்துணி மூட்டை. கிழிந்த சட்டையும் பொத்தான் இல்லாத காற்சட்டையும் நிறைந்த அம்மூட்டையைப் பிரிப்போர் முகத்தை, கொடுத்தவர் நின்று பார்த்திருந்தால் மறுமுறை கொண்டுவந்திருக்கமாட்டார். நிழற்படம் எடுத்துக்கொள்வதற்காக வரிசையில் நிற்கச் செய்வது அதனினும் கொடிது.

உண்மையான தேவைகள் சிறியவை, நீண்ட நாள் தொடர்பவை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பைக் குறித்த காலத்தில் பதிவுசெய்ய ஒருவர் உடன்வர வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது சான்றிதழ் கேட்டால், தலைமையாசிரியரிடம் நிலைமையை எடுத்துரைக்க ஊரறிந்த ஒருவர் வேண்டும். 'கதைக்கிறேன்' என்று சொல்லும் சிறுமியைப் பார்த்து வகுப்பு சிரிக்காமல் இருக்க, அதுவும் நல்ல தமிழ்தான் என்று சொல்லும் ஆசிரியர் வேண்டும். மாலையில் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும். வேலைக்கு ஆள் கேட்பவரிடம், உள்ளூர் ஆளுக்குரிய கூலியையே இவருக்கும் கொடுங்கள் என்று பரிந்து பேச ஒருவர் வேண்டும். இறந்தவரை அடக்கம்செய்ய ஆறடி நிலம் வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. தேவைப்படுவது, வாரந்தோறும் அதே வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கம். பிடியரிசிக் கலத்தை நாள்தோறும் மறவாத வீடுகளும் இருவர் இருவராக வீடு தேடிச் செல்லும் உறுப்பினரும் உள்ள ஒரு சிற்றூர்ச் சபைக்கு இப்பழக்கம் புதிதன்று.

இப்பணியை அமைப்பாகச் செய்தோரில் இருவகையினரைக் குறிப்பிட வேண்டும். 1980இல் இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களில் மாலைநேரப் பாடவகுப்புகளை நடத்திவந்தது. முகாமில் படித்த இளைஞர்களே அவற்றில் ஆசிரியர்கள். மற்றொன்று, எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் மகன் சா. செ. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். இது ஏதிலியரே ஏதிலியருக்காக நடத்திய அமைப்பு. செல்வநாயகம் கிறித்தவர், பெரும்பான்மையும் சைவரான ஈழத்தமிழர் அவரைத் 'தந்தை' என்றே அழைத்தனர். 2004இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தபோது, இவ்வமைப்பின் தொண்டர்கள் முகாம்களிலிருந்து புறப்பட்டுச் சென்று உதவினர். பிடியரிசியின் கணக்கு இங்கே மறுபக்கமாக எழுதப்பட்டது.

மாதரியின் வீடு

உதவுவோர்க்குரிய முறை எது என்பதற்குத் தமிழில் மிகப் பழைய சான்று சிலப்பதிகாரத்தில் உள்ளது. மதுரைக் காண்டத்தின் ஒரு காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். புகார் நகரிலிருந்து பொருளிழந்து வந்த கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியில் இருக்கின்றனர். உடன்வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. இயக்கிக்குப் பாற்சோறு படைத்துத் திரும்பும் மாதரி என்னும் ஆயர்குல முதுமகளைக் கண்டு, கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். செல்வர் மனை ஒன்றைத் தேடாமல், மோர் விற்கும் பெண்ணை அடிகள் தேர்ந்தது எண்ணத்தக்கது.

மாதரி என்ன செய்தாள்? செம்மண் பூசிய பந்தலும் காவலும் உடைய தனிச்சிறுவீட்டை அவர்களுக்குக் கொடுத்தாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். வந்தவர்கள் சாவக நோன்பிகள் என்பதை அறிந்து, அவர்கள் தம் வழக்கப்படி சமைத்துக்கொள்ளப் புதுக்கலங்களும் அரிசியும் காய்கனியும் பாலும் மோரும் தரச் செய்தாள். எங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், எங்கள் உணவை உண்ணுங்கள் என்று அவள் சொல்லவில்லை. மாதரியும் ஐயையும் மாயவனை வழிபடும் குலத்தார். விருந்தினரின் நோன்பை மாற்ற அவர்கள் முயன்றதாகக் காப்பியத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இன்றைய திருச்சபைகளுக்கு எழும் கூர்மையான வினாவும் இதுவே. ஈழத்து ஏதிலியரில் பெரும்பாலோர் சைவர். உதவிக்கு ஈடாக வழிபாட்டை எதிர்பார்ப்போர் சிலர் எங்கும் இருப்பர். அவ்வெதிர்பார்ப்பு வெளிப்படும் இடத்தில் அடைக்கலம் வாணிகமாகிவிடும். முகாமுக்குள் ஒரு சிறு பிள்ளையார் கோயில் எழ விரும்பினால், அதற்கும் மண் சுமக்கும் சபையே மாதரியின் வழியில் நிற்பது.

கோவலன் கொலையுண்ட செய்திக்குப் பின் மாதரிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. அடைக்கலமாக வந்தோரை இழந்தேனே என்று கலங்கி அவள் தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். நீர்ப்படைக் காதையில் மாடலன் இதனைச் சேரனுக்குச் சொல்கிறான். அவர்கள் செயலை நாம் பின்பற்றத் தேவையில்லை; ஆயினும் அடைக்கலம் ஏற்றோர் அதனை எவ்வளவு பெரும்பொறுப்பாகக் கருதினர் என்பது அதனால் விளங்குகிறது. மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரைவழியே நடந்து ஏறிய குன்றம், கம்பம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் உள்ள மங்கலதேவிக் கோட்டமே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் ஆராய்ந்து கூறினார். சித்திரை முழுநிலவன்று கூடலூர், கம்பம் மக்கள் அம்மலைக்கு ஏறுகின்றனர்.

கடலுக்கப்பால் ஒரு முறை

சிற்றூர்ச் சபைகளின் உதவிக்குச் சட்டமே வடிவம் கொடுத்த நாடு கனடா. 1979இல், வியட்நாம், கம்போடியா, லாவோசு நாடுகளிலிருந்து தப்பியோருக்காக, ஒரு திருச்சபையோ சில குடிமக்களோ சேர்ந்து ஒரு குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம் என்ற முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. முதலாண்டுக்கான வீடு, உணவு, பள்ளி, மொழிப்பயிற்சி ஆகியவற்றுக்கு அழைத்தவரே பொறுப்பு. பனி உறையும் சிற்றூர்களில், ஆசியரையே கண்டிராத சபையார், வந்த குடும்பத்திற்குக் கம்பளிச் சட்டை தேடி வாங்கினர். 1986இல் ஐக்கிய நாடுகளின் நான்சன் விருது கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை அந்நாட்டு மீனவர்கள் மீட்டனர்.

கனடாவுக்கு இவ்வாறு வந்தவர் சில ஆண்டுகளில் குடிமக்களாயினர். இங்கோ நிலைமை வேறு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட கணக்குப்படி 58,822 பேர் முகாம்களிலும் 34,087 பேர் வெளியிலும் வாழ்ந்தனர். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட அப்போது அறிவிப்பு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கிற்கு அண்மையில் உள்ள திண்டுக்கல் மாவட்டத்துத் தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. வீடு உறுதியானது, அதில் வாழ்வோரின் குடியுரிமை அவ்வாறு இல்லை.

சட்டம் ஒரு நாளைக் கோடாக வைத்திருக்கிறது. 1987 சூன் 30வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். மறுநாள் முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே தாய்க்குப் பிறந்த அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவில் இக்கோடு விழக்கூடும். அக்கோட்டின் எந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்பதை மெய்ப்பிப்பது பிறந்த நாளைக் காட்டும் ஒரு தாள். அத்தாளை எழுதி வாங்க உடன் நடந்தவரையும், பெட்டியின் அடியில் அதனை நனையாமல் காத்தவரையும் எந்த ஆவணமும் குறிப்பதில்லை.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19ஆம் நாள், திருச்சிராப்பள்ளி கொட்டப்பட்டு முகாமிலிருந்து புறப்பட்டு வாக்குச்சாவடிக்குச் சென்று அவர் தம் முதல் வாக்கைப் பதிவுசெய்தார். அப்போது அவருக்கு வயது 38.